சிரிப்பு யாரை நோக்கியது?

அண்மையில் எல்ல பிரதேசத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓரிரவு தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. லயன் வீடொன்றின் சிறிய முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் தொலைக்காட்சியைச் சுற்றி அமர்ந்து ‘மண்டேலா’ திரைப்படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தனர். மடோன் அஷ்வின் இயக்கி, யோகிபாபு நடித்த இப்படம் 2021 ஏப்ரலில், தமிழகச் சட்டமன்றத் தேர்தல் வாக்களிப்புக்கு இரண்டு தினங்களுக்கு முன்னர் தொலைக்காட்சியில் வெளியானதாகும். இரு சாதியினர் சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் ஒரு கிராமத்தில், இரு தரப்பினராலும் இழிவாக நடத்தப்படும் சிகை திருத்தும் தொழிலாளி ஒருவருக்குப் புதிதாக வாக்குரிமை கிடைக்கிறது. வெற்றியைத் தீர்மானிப்பது அவரது ஒரேயொரு வாக்கு என்றானதும், நேற்றுவரை அவரை ஏவியவர்கள் பரிசுகளுடன் வாசலில் வந்து நிற்கின்றனர்.

பரிசுகள் குவியும் காட்சியில் அறை முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. இளைஞர் ஒருவர் ஏக்கத்துடன், “நமக்கும் இப்படி ஒரு எலக்சன் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும் மாமா” என்றார். அருகிலிருந்த முதியவர் உடனே, “அடேய், அவன் நம்மளப் பத்தித்தான்டா சொல்றான்” என்று பதிலளித்தார். அங்கதத் திரைப்படங்களையும் அவற்றைப் பார்ப்போரையும் பற்றிய நீண்டதொரு விவாதம் இவ்விரு வாக்கியங்களுக்குள் அடங்கியிருப்பதாகவே எமக்குத் தோன்றியது.

அங்கதம் தமிழுக்குப் புதியதல்ல. தொல்காப்பியம் அதனை இரு வகையாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்து உரைப்பது பழிகரப்பு அங்கதம். திரைப்பட அங்கதம் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சார்ந்தது. புகழ்வது போலவும் ஏற்றுக் கொள்வது போலவும் காட்டி, உள்ளே குத்துவது அதன் இயல்பு. மறைக்கப்பட்டிருக்கும் பொருளைக் கண்டெடுக்கும் பொறுப்பு பார்ப்பவரிடமே விடப்படுகிறது. அதனைக் காணத் தவறுவோருக்கு மேற்பரப்பு மாத்திரமே எஞ்சும்.

இதற்குத் தக்க உதாரணம் சோ இராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ ஆகும். 1968இல் மேடையேறிய இந்நாடகம் 1971இல் திரைப்படமானது. பதினான்காம் நூற்றாண்டின் டில்லி சுல்தான் துக்ளக்கும் உலகப் பயணி இப்னு பதூதாவும் உயிருடன் மீண்டு வந்ததாகக் கூறி, வேடமிட்ட இருவர் நாட்டையே நம்ப வைக்கின்றனர். போலித் துக்ளக் பிரதமராகிறார். மொழிப் பிரச்சினைக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார். கட்சி தாவி வருவோருக்குத் துணைப் பிரதமர் பதவிகளை வாரி வழங்குகிறார். கேலிக்குள்ளாவது அக்கால இந்திய அரசியலே அன்றி இஸ்லாமோ வரலாற்றுத் துக்ளக்கோ அல்ல. எனினும் பெயரைக் கண்டு ஐயுற்ற முஸ்லிம்கள் சிலரிடமிருந்து படத்திற்கு எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் உண்மையை உரைக்க முற்படும் தோழரைப் புறந்தள்ளி, வேடதாரியையே கூட்டம் நம்புகிறது. வேடத்தை உண்மையென நம்புவோரைப் பற்றிய படமே தவறாக விளங்கிக் கொள்ளப்பட்டமை விந்தையானதாகும். 1344இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலையேறிய மெய்யான இப்னு பதூதாவை அறிந்த எமது வாசகர்கள், போலியானவரை எளிதில் இனங்காண்பர்.

இது குறித்து ஆய்வுகளும் நடந்துள்ளன. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் ஆர்ச்சி பங்கர் என்ற இனத்துவேசம் பிடித்த பாத்திரம் கேலிக்காகவே படைக்கப்பட்டது. ஆனால் விட்மர், ரொக்கீச் என்ற ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வு, துவேசம் மிகுந்த பார்வையாளர்கள் அப்பாத்திரத்தை மெச்சும் போக்குடையவர்களாக இருந்ததை வெளிப்படுத்தியது. மனிதன் தான் ஏற்கெனவே நம்புவதையே திரையிலும் காண்கிறான் என்பது இதன் சாரமாகும். எமது மொழியிலும் இதற்கு உதாரணம் உண்டு. மணிவண்ணனின் ‘அமைதிப்படை’ (1994) படத்தில் சத்யராஜ் ஏற்ற அமாவாசை என்ற அரசியல்வாதி கொடியவன். ஆயினும் பார்த்தோரில் பலருக்கு அவனது கொடுமை மறந்துபோய், சாதுரியப் பேச்சு மாத்திரமே நினைவில் நிற்கிறது. இதில் படைப்பாளிக்கும் பங்குண்டு. வில்லனை அளவுக்கு மீறி ரசிக்கத்தக்கவனாக்கினால், பார்ப்பவரை மட்டும் குறைகூற முடியாது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் வலியுறுத்த வேண்டியுள்ளது. மனம் புண்பட்டதாகக் கூறும் எல்லோரும் நகைச்சுவை அறியாதவர்கள் அல்லர். மலையகப் பேச்சையோ முஸ்லிம்களின் பேச்சுவழக்கையோ பழித்துக் காட்டிச் சிரிப்பை வரவழைப்பது அங்கதமாகாது. அது வெறும் ஏளனம். அங்கதம் அதிகாரத்தை நோக்கிப் பாய்வது. ஏளனம் எளியோர் மீது விழுவது. அதேவேளை, எது எதுவென்று தீர்மானிக்கும் வேலையைப் பொலிஸாரிடம் ஒப்படைப்பதும் ஆபத்தானதே. 2023 மே மாதம் மேடை நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய, பௌத்தத்தை அவமதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதாகி, ஐந்து வாரங்களுக்கும் மேலாகத் தடுத்து வைக்கப்பட்டார். சிறுபான்மையினரைப் பாதுகாக்க வேண்டிய ஐ.சி.சி.பி.ஆர். சட்டமே அதற்குப் பயன்படுத்தப்பட்டது என்பது கவனத்திற்குரியது.

மீண்டும் எல்லவுக்கு வருவோம். அந்த இளைஞரை அறியாதவர் என ஒதுக்கிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்கடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்கற்றவர்களாக்கின. இந்தப் பறிப்பின் இறுதி எச்சங்களைக் களைவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்கு கைக்கு வந்த பின்னரும், தோட்டத்திற்கு அரசியல் வந்து சேர்வது பெரும்பாலும் தேர்தல் காலத்துக் கூரைத் தகரங்களாகவும் வாக்குறுதிகளாகவுமே இருந்துள்ளது. பரிசைத் தவிர வேறெதையும் பெற்றறியாத கண்களுக்கு, பரிசுக் காட்சி கேலியாகத் தெரியாமல் கனவாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த முதியவரோ வாக்கற்ற காலத்தை வாழ்ந்து கடந்தவர். ஆகையால் அம்பு யாரை நோக்கி வருகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். படத்தின் நாயகனும் ஈற்றில் தனக்கான சலுகைகளை விடுத்து, ஊருக்கான அடிப்படை வசதிகளை வாக்கின் விலையாகக் கேட்கிறார்.

ஆகவே, அங்கதத்தைப் புரிந்துகொள்வது கல்வித் தகைமை சார்ந்த விடயமல்ல. தன் முகத்தையும் அக்கண்ணாடியில் தேடும் துணிவு சார்ந்தது. படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “இதில் சிரிப்புக்குள்ளானவர் யார்?” என்று வீட்டாரும் ஆசிரியர்களும் இளைஞர் மன்றங்களும் ஒரு பத்து நிமிடம் உரையாடினால் போதும். அன்றிரவு அந்த முதியவர் ஒரே வாக்கியத்தில் ஆற்றிய பணி அதுவே. அடுத்த தேர்தலில் தகரத்துடன் ஒருவர் வாசலுக்கு வரும்போது, அந்த இளைஞருக்கு அவ்வாக்கியம் நினைவுக்கு வருமாயின், படம் எடுத்தவரின் உழைப்பு வீண்போகவில்லை எனலாம்.