கோட்டாற்றுக் கம்போளமும் எல்லைப்புறத்து அடுக்களையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோட்டாறு அயலூர் அன்று. பாறசாலையில் புகைவண்டி ஏறினால் குழித்துறையும் இரணியலும் கடந்து நாகர்கோவில் சந்திப்பில் இறங்குகிறோம். அந்நிலையம் அமைந்திருப்பதே கோட்டாற்றில்தான். 1979ஆம் ஆண்டில் இவ்விருப்புப்பாதை திறக்கப்பெற்றது.

இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் கோட்டாறு, சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என வழங்கிற்று. முதற் குலோத்துங்கன் இங்கு நிலைப்படை வைத்தான். காரணம் தெளிவு. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டிநாடு, மேற்கே சேரநாடு, சுற்றிலும் நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள். பண்டங்கள் சந்திக்கும் இடத்தில் சுவைகளும் சந்திப்பது இயல்பே.

கம்போளம் எனப்படும் கடைத்தெருவில் சிறிது நேரம் நிற்போம். தீயலுக்கு வேண்டியவை யாவும் இங்கு உள. தேங்காய்த் துருவலைச் செம்மை கடந்து கருக்கும் தறுவாய் வரை வறுத்து, மல்லியும் மிளகாய் வற்றலும் சேர்த்து அரைத்துப் புளிநீரிற் கலக்குவர். தேங்காய் மேற்குக்கு உரியது. மல்லியும் வற்றலும் கிழக்கின் கரிசல் நிலத்தவை. மிளகாய் போர்ச்சுகீசியருக்குப் பின்னர் வந்தமையால், சோழ வீரன் உண்ட காரம் மிளகின் காரமே! தீயல் தமிழருடையதா, மலையாளிகளுடையதா என்று வழக்காடுவது நம் கருத்தில் வீண் வேலை. பெயர்கூட இரு மொழிக்கும் பொது.

ஆயினும் வழக்கு வேறோரிடத்தில் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரையையும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்தது. அது கேரளத்திலேயே நின்றது. மலையாளப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் எழுத்து இன்று அயலாகி வருகிறது. அடுக்களைத் தமிழ் மட்டும் இன்னும் நாவில் உள்ளது. அவர்களை ஒருமுறையேனும் இத்தெருவிற்கு அழைத்து வருதல் வேண்டும். கடைப்பலகைகளைத் தாமே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும்.

முந்திரிக்கொத்தை அவர்கட்கு வாங்கித் தருக. அதில் முந்திரிப்பருப்பு இராது. வறுத்த சிறுபயற்று மாவை வெல்லப்பாகில் உருட்டி, அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பர். உருண்டைகள் ஒட்டிக் கொடிமுந்திரிக் குலைபோல் தோன்றுவதால் இப்பெயர் என்பர். பல நாள் கெடாதாகையால் உறவினர்க்குக் கொண்டு செல்ல ஏற்றது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழமும் வாங்கலாம். அதனைப் பையின் மேற்புறத்தில் வைப்பது நலம். அடியிலிட்டால் பாறசாலை சேருமுன் நசுங்கிவிடும்.