சிசுவின் தட்டைத் தலையும் இறுகிய கழுத்தும்

பிறந்து இரண்டு மாதம் நிரம்பிய குழந்தையின் தலை, பின்புறத்தில் ஒரு பக்கமாகத் தட்டையாகியிருப்பதைத் தாய்மார்கள் பலர் எண்ணெய் தேய்க்கும் பொழுதே முதன்முதலாகக் காண்கின்றனர். மேலும் சில நாட்கள் கவனித்தால், குழந்தை எப்பொழுதும் ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பதும், மறுபக்கம் திருப்பினால் அழுவதும் தெரியவரும். இவ்விரண்டையும் தனித்தனிக் குறைகளாகக் கருதுவது சரியன்று. பல குழந்தைகளிடத்தில் கழுத்தின் இறுக்கமே காரணம்; தலையின் தட்டை அதன் விளைவு. ஆகவே தலையை மட்டும் பார்த்துக் கழுத்தைப் பாராது விட்டால், குறை தீரும் காலம் கைநழுவிப் போகும்.

மும்பையின் கிழக்கோரத்தில் உள்ள மான்குர்த்தையும், 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் குடியேறிய சீத்தா கேம்ப்பையும் எடுத்துக்கொள்வோம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. மான்குர்த்தில் ரயில் பாதையோரத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்கென எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடு ஒன்றின் பரப்பு 225 சதுர அடியே. அத்தகைய வீட்டில் பாய் விரிக்க ஒரே இடந்தான் உண்டு. வெளிச்சமும் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வருகிறது. வெளிச்சத்தையும் தாயின் குரலையும் நாடுவது சிசுவின் இயல்பு. எனவே குழந்தை நாள் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியிருக்க நேரிடுகிறது. இஃது ஏழை வீடுகளுக்கு மட்டும் உரிய குறையென்று எண்ணலாகாது. கானடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுடைய 440 குழந்தைகளைப் பரிசோதித்த ஆராய்ச்சியாளர்கள், அவர்களுள் 46.6 சதவீதத்தினருக்கு ஓரளவேனும் தலை தட்டையாகியிருந்ததாக 2013இல் அறிவித்தனர்.

தலையோடு ஏன் வளைகிறது?

பெரியவர்களின் மண்டையோட்டைப் போல் சிசுவின் மண்டையோடு இறுகிப் பொருந்திய ஒன்றன்று. அது பல தகட்டெலும்புகளால் ஆனது. அவற்றின் விளிம்புகளை நார்த்திசு இணைக்கிறது; அவை கூடும் மூலைகளுள் ஒன்றே உச்சிக்குழி. பிறப்பு வழியில் தலை சுருங்கி வருவதற்கும், பின்னர் மூளை வளர இடம் தருவதற்கும் இவ்வமைப்பு இன்றியமையாதது. பிறக்கும்பொழுது ஏறத்தாழ 35 சென்டிமீட்டராக உள்ள தலையின் சுற்றளவு, முதல் மூன்று மாதங்களில் மாதந்தோறும் சுமார் 2 சென்டிமீட்டரும், அடுத்த மூன்று மாதங்களில் மாதம் 1 சென்டிமீட்டரும், அதன் பின் மாதம் அரை சென்டிமீட்டரும் வளர்கிறது. அதாவது முதலாண்டின் வளர்ச்சியில் முக்கால் பங்கு முதல் ஆறு மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது.

தரையில் அழுந்திய பக்கம் வளர முடியாமல் தட்டையாகிறது. அழுந்தாத பக்கம் புடைக்கிறது. இந்நிலையை மருத்துவர்கள் பிளேஜியோகெஃபலி என்பர். தலையைக் கோணலாக்கிய அந்த வளர்ச்சியே, அழுத்தத்தை நீக்கிவிட்டால், கோணலைத் திருத்தவும் வல்லது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது பழமொழி. இங்கே கணக்கு ஆண்டுகளில் இல்லை, வாரங்களில் இருக்கிறது. இத்தட்டையால் மூளை நசுங்குவதில்லை என்பதைப் பெற்றோர் அறிந்து ஆறுதல் கொள்ளலாம்.

கழுத்துத் தசை

மார்பெலும்பிலிருந்தும் காறையெலும்பிலிருந்தும் புறப்பட்டுக் காதின் பின்புறத்து எலும்பில் சென்று சேரும் தசை, கழுத்தின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று உண்டு. வலப்பக்கத் தசை இறுகிச் சுருங்கினால், தலை வலத் தோளை நோக்கிச் சாயும். முகமோ இடப்பக்கம் திரும்பும். அவ்வாறே படுத்திருக்கும் குழந்தைக்குப் பின்தலையின் இடப்பக்கம் தட்டையாகும். இக்குறைக்கு டார்டிகோலிஸ் என்று பெயர். தமிழில் கோணற்கழுத்து எனலாம். கருப்பையில் இட நெருக்கடி ஏற்பட்ட குழந்தைகளிடமும், இடுப்பு முன்வந்து பிறந்த குழந்தைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் அத்தசையின் நடுவே ஒரு கெட்டியான கட்டி தோன்றும். கண்டவுடன் தாய் அஞ்சுவது இயற்கை. ஆனால் இது புற்றுநோயன்று. பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரைந்துவிடும். எனினும் அதனை மருத்துவர் பார்த்து உறுதி செய்வது அவசியம். கோணற்கழுத்துள்ள குழந்தைகளுள் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரிவர அமையாதிருக்கக்கூடுமாதலால், அதனையும் அவர் சோதிப்பார்.

சிகிச்சையின் பலன் அது தொடங்கும் நாளைப் பொறுத்தது. அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் குழந்தைநலப் பிரிவு 2018இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, பிறந்து ஒரு மாதத்திற்குள் தசைநீட்டும் பயிற்சி தொடங்கப்பட்ட குழந்தைகளுள் 98 சதவீதத்தினரின் கழுத்து ஒன்றரை மாதத்தில் இயல்பாகத் திரும்பலாயிற்று. ஒரு மாதத்திற்குப் பின் தொடங்கினால் ஏறக்குறைய 6 மாதமும், ஆறு மாதத்திற்குப் பின் தொடங்கினால் 9 முதல் 10 மாதமும் ஆகின்றன. முழுக் குணம் பெறுவோரின் விகிதமும் குறைகிறது. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது.

மல்லாந்து படுப்பது குற்றமா?

தலை தட்டையாவதற்கு அஞ்சிக் குழந்தையைக் குப்புறத் தூங்க வைப்பது பேரபாயம். குழந்தைகளை மல்லாத்தியோ ஒருக்களித்தோ தூங்க வைக்க வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 1992இல் அறிவுறுத்திற்று. 1994இல் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கிற்று. அடுத்த பத்தாண்டுகளில், தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் அந்நாட்டில் பாதிக்கும் மேல் குறைந்தன. தட்டைத் தலைகள் பெருகியதும் அக்காலத்திலேயே. எனினும் உயிரும் தலையின் வடிவும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கவை அல்ல. தூங்கும்பொழுது மல்லாந்தும், விழித்திருக்கும்பொழுது குப்புறவும் என்பதே விதி.

விலக்க வேண்டியவை

கழுத்துத் திரும்பாத குழந்தைக்கு “உரம் விழுந்திருக்கிறது” என்று கூறி, புடவையில் இட்டு உருட்டுவதும், கழுத்தைப் பிடித்து வழிப்பதும் நம்மவரிடையே நீண்ட கால வழக்கம். அன்பினால் செய்யப்படுவதாயினும், காரணம் அறியாது இளங்கழுத்தைத் திருகுவது தீங்கு விளைக்கக்கூடும். கழுத்தெலும்பின் பிறவிக் குறையாலும், பார்வைக் குறையாலும்கூடத் தலை சாய்வதுண்டு. தலையைப் பிடித்து உருட்டி வடிவாக்க முயல்வதும் பயனற்றது.

கடுகுத் தலையணையும், கடைகளில் விற்கும் குழிவுத் தலையணையும் வேண்டா. தலைக்கு வடிவு தருவதாகக் கூறும் தலையணைகளைச் சிசுக்களுக்குப் பயன்படுத்தலாகாதென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது; அவை மூச்சுத் திணறலுக்கு இடந்தரும்.

பெருந்தொகை கொடுத்து வாங்கும் தலைக்கவசத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நெதர்லாந்தில் கழுத்திறுக்கம் இல்லாத, ஆனால் தலைக்கோணல் உள்ள 84 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கவசம் அணிவித்தனர். 2014இல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதில் முழுக் குணமடைந்தோர் கவசம் அணிந்தவருள் 25.6 சதவீதம், அணியாதவருள் 22.5 சதவீதம். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே மருத்துவர் தக்க காரணம் கூறி அறிவுறுத்தினாலன்றி, கடன்பட்டுக் கவசம் வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

இன்று சுவரின் ஒரு முனையில் தலை வைத்துப் படுக்கச் செய்தால், நாளை மறுமுனையில் தலை வைக்கவேண்டும். அப்பொழுது வெளிச்சத்தை நாடும் முகம் தானாகவே மறுபக்கம் திரும்பும். ஓரறை வீட்டிலும் இதற்குச் செலவோ இடமோ தேவையில்லை. குழந்தை திரும்ப மறுக்கும் பக்கத்தில் அமர்ந்து பேசுவதும், கிலுகிலுப்பை ஆட்டுவதும் நலம். பாயில் தலையணையின்றியே படுக்க வைக்க வேண்டும். தூளியில் தலை ஒரே நிலையில் அமுங்கிக் கிடப்பதால், விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையை வெளியே எடுத்துவிடுதல் நன்று.

விழித்திருக்கும் குழந்தையை, பெரியவர் ஒருவர் அருகிருந்து பார்த்துக்கொள்ள, குப்புறப் போட வேண்டும். தவழாத குழந்தைகளுக்கு நாளில் குறைந்தது 30 நிமிடம், பல தடவைகளாகப் பிரித்து, இவ்வாறு செய்யவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. தாய் சாய்ந்து படுத்துத் தன் மார்பின்மீது குழந்தையைக் குப்புற வைத்துக்கொண்டாலும் போதும். தசைநீட்டும் பயிற்சியை மட்டும், இயன்முறை மருத்துவர் செய்து காட்டி, தாயும் அவர் முன் செய்து காட்டிய பின்னரே வீட்டில் செய்யவேண்டும்.

எப்பொழுது, எங்கே?

தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தையை எடுத்துச் செல்லவேண்டியிருக்கிறது. தலையும் கழுத்தும் நோக்கப்பட வேண்டிய பருவமும் அதுவே. ஊசி போட்டதும் திரும்பிவிடாமல், மூன்று செய்திகளைத் தாய் கூற வேண்டும்: குழந்தை எப்பக்கம் திரும்ப மறுக்கிறது, ஒரு பக்கத்து மார்பில் பால் குடிக்க மறுக்கிறதா, மேலிருந்து பார்த்தால் ஒரு காது மற்றதைவிட முன்தள்ளி நிற்கிறதா. முதல் வாரங்களிலேயே கழுத்து ஒரு பக்கம் சாய்வது தெரிந்தால் ஆறாம் வாரம் வரை காத்திராது செல்லவேண்டும்.

மான்குர்த்திலிருந்து துறைமுக ரயில் பாதையில் குர்லா வந்து, அங்கு மாறினால் அடுத்த நிலையம் சயான். அங்கே மாநகராட்சியின் லோகமான்ய திலக் மருத்துவமனை உள்ளது. பரேலில் 1929இல் நிறுவப்பட்ட பாய் ஜெர்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனையும், ஹாஜி அலியில் மத்திய அரசு 1955இல் நிறுவிய அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையமும் உள்ளன.

தட்டை நாளுக்கு நாள் மிகுதல், எலும்பு விளிம்பில் வரப்புப்போல் மேடு தட்டுப்படுதல், உச்சிக்குழி மிக விரைவில் மூடுதல் ஆகியவை வேறு குறைக்கு அறிகுறிகள். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளுள் ஒன்றுக்கு மண்டையோட்டின் இணைப்புகள் காலத்திற்கு முன்பே ஒட்டிவிடுகின்றன. அதற்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். காய்ச்சலுடனோ வாந்தியுடனோ கழுத்துத் திடீரெனக் கோணினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

“முடி வளர்ந்தால் மறைந்துவிடும்” என்று சொல்லிப் பொறுத்திருப்போர் உளர். முடி தலையை மறைக்கும். கழுத்தின் இறுக்கத்தைத் தளர்த்தாது. இதற்கு வேண்டியவை, பாயின் திசையை மாற்றும் கையும், வாரங்களைக் கணக்கிடும் கவனமுமே ஆகும்.