மருந்து அடிக்கும் கைகளும் கண்ணுக்குத் தெரியாத காயமும்

"இருபது வருசமா மருந்து அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே!" தோட்டப்புறத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து, லாலாங்கோடு மல்லுக்கட்டும் நம் தாய்மார்களும் சகோதரர்களும் துணிச்சலாகச் சொல்லும் சொல் இது. அந்தத் துணிச்சலை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், ஒன்றும் ஆகவில்லை என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்? வாந்தி வரவில்லை, மயக்கம் இல்லை, கண் எரியவில்லை. அவ்வளவுதானே!

மருந்தால் வரும் கேடு இரண்டு வகை. ஒன்று உடனே காட்டிவிடும். பாராகுவாட்டை நாம் மறக்க முடியுமா? ஒரு வாய் உள்ளே போனாலே நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் அதற்கு 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை செய்தார்கள். மற்றொரு வகைக் கேடு சத்தமில்லாமல் உயிரணுவுக்குள் நடக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வுக்கூடங்களில் சோதனை நடத்துகிறார்கள்.

உடம்புக்குள் ஒரு செக்ரோல்

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் நடுவே உள்ள உட்கருவில் டி.என்.ஏ. என்னும் மிக மெல்லிய இழை இருக்கிறது. ஓர் உயிரணுவில் இருப்பதை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது 46 குரோமோசோம்களாகச் சுருண்டு கிடக்கிறது. கிராணியின் செக்ரோலைப் போல, எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில்தான்.

செக்ரோலில் ஒரு பக்கம் கிழிந்தால் என்ன ஆகும்? சம்பளக் கணக்கு தப்பிப் போகும். டி.என்.ஏ. கிழிந்தாலும் அப்படித்தான். பெரும்பாலான கிழிசலை உயிரணு தானே ஒட்டுப்போட்டுக் கொள்ளும். ஒட்டாமல் விட்ட பிழை, உயிரணு இரண்டாகப் பிரியும்போது புதிய உயிரணுவுக்கும் போகும். இப்படிப் பிழைகள் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். விந்திலோ சினைமுட்டையிலோ பிழை நேர்ந்தால் பிள்ளைக்கும் போகலாம்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஆரோக்கியமான ஒருவரிடம் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளை அணுக்களை உடம்புச் சூடான 37 டிகிரியில் வளர்க்கிறார்கள். சும்மா கிடக்கும் அந்த அணுக்களைப் பிரியத் தூண்டுவது பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கும் ஒரு சத்து. பிறகு, சோதிக்க வேண்டிய இரசாயனத்தைக் குறைந்த அளவு, நடுத்தர அளவு, கூடிய அளவு என்று தனித்தனிக் குப்பிகளில் கலக்கிறார்கள். ஒரு குப்பியில் மட்டும் கலப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சில பொருள்கள் கல்லீரலில் மாறிய பிறகே நஞ்சாகும் என்பதால், எலியின் கல்லீரல் சாற்றையும் சேர்த்து ஒரு தடவை பார்க்கிறார்கள்.

குரோமோசோம் உடைந்திருந்தால், உயிரணு பிரியும்போது உடைந்த துண்டு வெளியே தங்கி, பெரிய உட்கருவின் பக்கத்தில் குட்டி உட்கருவாக நிற்கும். ஆயிரக்கணக்கான உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இந்தக் குட்டிகளை எண்ணுகிறார்கள். இரத்த அணுக்களில் இதைத் துல்லியமாக எண்ணும் முறையை 1985-இல் ஆஸ்திரேலியாவில் ஃபெனெக், மோர்லி என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்னொரு சோதனையில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். உடைந்த டி.என்.ஏ. இழுபட்டு வால்நட்சத்திரம் போல நீளும். வால் எவ்வளவு பெரிதோ, காயமும் அவ்வளவு பெரிது.

ஒரே மருந்து, இரண்டு தீர்ப்பு

களை அடிக்கும் கிளைபோசேட்டை எடுத்துக்கொள்வோம். 2015 மார்ச்சில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்றது; டி.என்.ஏ.வைச் சிதைப்பதற்கு வலுவான சான்று உண்டு என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அப்படி வாய்ப்பில்லை என்றது.

யாரை நம்புவது? இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஆணையம் முக்கியமாகச் சுத்தமான கிளைபோசேட்டைப் பார்த்தது. புற்றுநோய் நிறுவனம் கடையில் விற்கும் கலவை மருந்துகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தது. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்புப் போன்ற பொருளும் கேடு செய்யலாம். கிளைபோசேட்டோடு சேர்த்து வந்த அப்படிப்பட்ட பொருள் ஒன்றை ஐரோப்பா 2016-இல் தடை செய்தது. நம் பம்பில் இருப்பது சுத்தப் பொருள் அல்ல, கலவைதான் என்பதை மறக்கக்கூடாது.

"அபாயம் குறைவு" என்று டின்னில் போட்டிருந்தாலும் கவனம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1975-இல் வகுத்த தரப் பிரிவு, எவ்வளவு கொடுத்தால் எலி சாகும் என்பதையே முக்கியமாகப் பார்க்கிறது. நாளைய கேட்டுக்கு அது பதில் சொல்லாது.

அதற்காக நாம் பயந்து நடுங்க வேண்டியதில்லை. குப்பியில் கண்ட காயம் அத்தனையும் மனிதருக்கு நோயாகிவிடும் என்று அர்த்தமில்லை. எல்லாம் அளவைப் பொறுத்தது. உடம்பில் எவ்வளவு படுகிறது என்பதே கேள்வி. அந்த அளவைக் குறைக்க நம்மால் முடியும்.

ஒழுகும் பம்பைத் தோளில் ஏற்றாதீர்கள்; மண்டோரிடம் காட்டி மாற்றச் சொல்லுங்கள். கையுறை, பூட்ஸ் இல்லாமல் மருந்து கலக்காதீர்கள். காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். கை கழுவாமல் வெற்றிலையும் வேண்டாம், சோறும் வேண்டாம். மருந்து பட்ட துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வேறு வேலை கேட்டு வாங்குங்கள்.

கேட்பது பிச்சை அல்ல. மலேசியாவில் 2000-ஆம் ஆண்டின் அபாய இரசாயன விதிமுறைகள்படி, ஆபத்தை மதிப்பிடுவதும் தொழிலாளிக்கு விவரமும் பயிற்சியும் தருவதும் முதலாளியின் கடமை. "இது என்ன மருந்து, இதுல என்ன கலந்திருக்கு?" என்று பிரட்டிலேயே கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. நாம் எல்லோரும் சேர்ந்து கேட்டால் பதில் வந்தே தீரும்.