ஆலைக்கும் கணினிக்கும் இடையே

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வயல் செய்யும் நேயர்களுக்குப் போடியார், முல்லைக்காரர் என்னும் இரு சொற்களையும் விளக்க வேண்டியதில்லை. போடியார் நிலத்துக்கு உடையவர், ஊரில் இருப்பவர். முல்லைக்காரர் வயலிலே வாடியமைத்துத் தங்கி, நீர் கட்டுவது முதல் சூடடிப்பது வரை யாவற்றையும் முன்னின்று நடத்துபவர். போடியார் ஒரு வாரம் வயற்பக்கம் போகாவிட்டாலும் வேலை நில்லாது. ஆயினும், வயலில் நடப்பதைப் போடியார் அறிவது இடையே சேதி கொண்டுவருகின்றவனால்தான். அவன் சேதியைத் திரித்துச் சொன்னாலும், நேற்றைய சேதியை இன்றையது என்று சொன்னாலும், போடியாரின் கணக்கு முழுவதும் பிழைத்துப்போம்.

பட்டிப்பளை ஆற்றை மறித்து, கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய பின்னர், கல்முனைப் பக்கத்து வயல்களின் நெல் பெருகிற்று. நெல் பெருகவே ஆலைகளும் பெருகின. நற்பிட்டிமுனை போன்றதோர் ஊரில் நெல்லாலை வைத்திருப்பவர் இன்று தம் யந்திரங்களைப் புதுப்பிக்க முற்பட்டால், மேலே கூறிய மூவரைப் போன்ற ஒரு கூட்டு அவருடைய ஆலைக்குள்ளும் வந்துசேர்கிறது. ஆலைச் சுவரில் பூட்டிய சிறு பெட்டி முல்லைக்காரர். அலுவலக மேசையிலுள்ள கணினி போடியார். இவ்விரண்டுக்கும் இடையே சேதி கொண்டுசெல்வது ஒரு மென்பொருள். பெட்டியை எல்லாரும் காண்கின்றனர். கணினித் திரையையும் காண்கின்றனர். இடையே நிற்பதைக் காண்பவர் இலர். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றாமவனைப் பற்றியே இங்கு விளக்கப்படுகின்றது.

முதலில் அந்தப் பெட்டி. தொழிலாளர் அதனைப் பீ. எல். சி. என்று அழைப்பர். நிரல் எழுதி மாற்றத்தக்க கட்டுப்படுத்தி என்பது அதன் பொருள். முன்னாளில் ஒரு தொழிற்சாலையின் மோட்டர்களை ஒழுங்காக ஓட்டவும் நிறுத்தவும், சுவர் நிறைய ரிலேக்களை அடுக்கிக் கம்பிகளால் பின்னி வைப்பார்கள். செய்முறையில் சிறு மாற்றம் வேண்டினும் கம்பிகளை அவிழ்த்து மறுபடி பின்ன வேண்டும். மோட்டார் வாகனங்கள் செய்யும் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி இத்தொல்லைக்கு மாற்று வேண்டும் என்று 1968இல் கேட்டது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் டிக் மோர்லி முதலிய பொறியியலாளர் செய்த மொடிகொன் 084 என்னும் கருவி அடுத்த ஆண்டில் அங்கே சென்றது. அந்நிறுவனத்தாரின் எண்பத்து நான்காவது முயற்சி ஆதலால் அதற்கு அவ்வெண்.

பீ. எல். சி. செய்யும் வேலை எளியது, ஆனால் ஓயாதது. உணரிகள் சொல்வதைப் படிக்கும். தன்னுள் எழுதப்பட்ட விதிகளோடு ஒப்பிடும். மோட்டருக்கும் வால்வுக்கும் கட்டளை இடும். மறுபடி தொடக்கத்துக்கே வரும். இச்சுற்று ஒரு நொடிக்குள் பன்முறை முடிந்துவிடும். அலுவலகக் கணினி நின்றுபோனாலும், யாரேனும் அதனை அணைத்துவிட்டாலும், பெட்டி தன் வேலையை விடுவதில்லை. இதற்காகவே அது தனிப் பெட்டியாக வைக்கப்பட்டிருக்கிறது. கடிதம் அச்சிடுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் பழகிய கணினியிடம் கொதிநீரையும் நீராவியையும் நேராக ஒப்படைப்பது விவேகம் ஆகாது.

புழுங்கல் அரிசிக்காக நெல் ஊறும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெந்நீரில் ஊறவைக்கும் முறையில் நீரின் சூடு ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை நிற்க வேண்டும். கூடினால் உமி வெடித்து அரிசி வெளிப்படும். மிகக் குறைந்தால் ஊறல் நாட்கணக்கில் நீண்டு நாற்றம் பற்றும். தொட்டியிலுள்ள உணரி 65.2 பாகை என்று அறிவிக்கிறது. பெட்டி அதனைத் தன் நினைவகத்தில் 652 என்னும் முழு எண்ணாக எழுதிவைக்கிறது. அப்படி எழுதிவைக்கும் இடங்கள் பல. ரெஜிஸ்டர் என்று தொழிலில் வழங்கும் அவற்றை எண்ணறைகள் என்று சொல்லலாம். ஓர் எண்ணறைக்குள் 0 முதல் 65535 வரையிலான ஓர் எண் கொள்ளும். அவ்வளவே. அது சூடா, எடையா, மணிக்கணக்கா, எந்தத் தொட்டியைச் சேர்ந்தது என்பது அறையின்மேல் எழுதப்பட்டிராது.

இனி இடையே நிற்கும் மென்பொருளின் வேலை தொடங்குகிறது. கேட்பதற்கும் விடை சொல்வதற்கும் ஒரு பொதுமொழி வேண்டுமல்லவா? மொடிகொன் நிறுவனம் 1979இல் வெளியிட்ட மொட்பஸ் என்பது அத்தகைய மொழிகளுள் மூத்தது; இன்றும் வழக்கொழியாதது. அதன் இலக்கணம் ஒரு தந்தியைப் போன்று சுருக்கமானது. “மூன்றாம் இலக்கத்தானே, பன்னிரண்டு என்று குறித்த எண்ணறை தொடங்கி இரண்டு எண்களைச் சொல்” என்று கணினி கேட்கும். பெட்டி இரண்டு எண்களை மட்டும் சொல்லும். வழியில் எழுத்துச் சிதைந்ததா என்று பார்ப்பதற்கு இறுதியில் ஒரு சோதனை எண் சேர்ந்திருக்கும். கேட்டாலன்றிப் பெட்டி வாய் திறவாது. ஆகவே மென்பொருள் நொடிக்கு ஒரு முறையோ பல முறையோ ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு எளிய மொழியில் பிழைக்கு இடமேது என்று தோன்றலாம். இடம் நிறைய உண்டு. கையேட்டில் 40013 என்று அச்சிட்ட எண்ணறை, கம்பியில் போகும்போது 12 ஆகிவிடும். ஏனெனில் 40001 என்பதே அங்கு 0 என்று எண்ணப்படும். மென்பொருளைப் பூட்டியவர் இந்த ஓர் எண் வேற்றுமையை மறந்தால், அடுத்த தொட்டியின் சூடு இந்தத் தொட்டியின் பெயரில் திரையில் நிற்கும். அது 63 என்றோ 66 என்றோ நம்பத்தக்கதாகவே இருக்குமாதலால் ஒருவருக்கும் ஐயம் எழாது. உமியடுப்பின் உறிஞ்சுவிசை −1 என்று இருக்கும்போது, குறியறியாத மென்பொருள் அதனை 65535 என்று காட்டும். இது நல்ல பிழை, பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். ஓர் அறையில் அடங்காத பெரிய எண்ணை இரு பாதியாக்கி இரண்டு அறைகளில் வைப்பதும் உண்டு. மேற்பாதியை முதலில் வைக்கும் கருவிகளும் உள. கீழ்ப்பாதியை முதலில் வைக்கும் கருவிகளும் உள. மென்பொருள் வேறு விதமாகச் சேர்த்தால் வருவது வெறும் உளறல்.

பெட்டி செய்யும் நிறுவனங்கள் பலவாகிய பின்னர் மொழிகளும் பலவாயின. திரைக்காட்சி மென்பொருள் செய்வோர் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே ஒரு மொழிபெயர்ப்பானை எழுத நேர்ந்தது. பத்து வகை மென்பொருளும் இருபது வகைப் பெட்டியும் இருந்தால் இருநூறு மொழிபெயர்ப்பான்கள். இந்த வீண்செலவு தாங்காமல், நிறுவனங்கள் சில கூடி 1996இல் ஓ. பீ. சி. என்னும் பொது ஏற்பாட்டை வகுத்தன. பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரே மொழிபெயர்ப்பான். அது பொதுமொழியில் பேசும். திரை மென்பொருள் எதுவாயினும் அப்பொதுமொழியைக் கற்றால் போதும். இருநூறு முப்பதாகக் குறைந்தது. ஆனால் முதல் ஏற்பாடு விண்டோஸ் முறைமையோடு பிணைந்தது. இரு கணினிகளை இணைக்கையில் உரிமை அமைப்புகளின் சிக்கலால் பொறியியலாளர்களைப் படாத பாடு படுத்தியது. 2006 தொடக்கம் வெளிவந்த ஓ. பீ. சி. யூ. ஏ. என்னும் பிற்காலப் பதிப்பு அப்பிணைப்பை அறுத்து, பேசுகின்றவன் யார் என்று சான்று கேட்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது.

ஓ. பீ. சி. செய்த உதவிகளுள் மேலானது இன்னொன்று; அதனை ஆலைக்காரர் பலர் அறியார். அது எண்ணோடு இரண்டு குறிப்புகளைச் சேர்த்தே அனுப்பும். ஒன்று, அவ்வெண் எந்நேரத்தில் பெறப்பட்டது என்பது. மற்றொன்று, அது நல்லதா, கெட்டதா, ஐயத்துக்குரியதா என்னும் தரம். இதன் அருமையை அறிய மறுபடி ஊறல் தொட்டிக்கே செல்ல வேண்டும். நள்ளிரவில் எலி கம்பியைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நெல்லாலையில் இது நடவாத காரியம் அன்று. பெட்டிக்கும் கணினிக்கும் பேச்சு அறுந்தது. அறியாமல் அமைத்த மென்பொருளானால், கடைசியாகக் கேட்ட 65.2 திரையில் அப்படியே நிற்கும். தொட்டியில் சூடு 50க்கு இறங்கியிருக்கலாம், 80க்கு ஏறியிருக்கலாம். திரை 65.2 என்றே சொல்லும். காவலுக்கு இருப்பவர் அதனைப் பார்த்து நிம்மதியாக இருப்பார். நன்கு அமைந்த மென்பொருள் அந்த எண்ணை உடனே சாம்பல் நிறமாக்கியோ, குறுக்கே கோடிட்டோ, “சேதி வரவில்லை” என்று தெரிவிக்கும்.

சேதி இல்லாமை வேறு, பூச்சியம் என்னும் சேதி வேறு. இவ்வேற்றுமையைக் கணினிக்கு முற்பட்ட அளவைக் கருவியாளர்களே நன்கு உணர்ந்திருந்தனர். உணரியிலிருந்து பெட்டிக்கு வரும் மின்னோட்டத்தை 0 முதல் 20 வரை என்று வையாமல், 4 முதல் 20 மில்லி அம்பியர் வரை என்று அவர்கள் வைத்தது இதனாலேயே. 4 வந்தால் அளவு பூச்சியம். ஒன்றுமே வராவிட்டால் கம்பி அறுந்தது. கம்பியிலே இவ்வளவு நுட்பமாகக் காத்த உண்மையைத் திரையிலே கைவிடுவது பெருங்குறையே.

நெல்லாலையில் பிழை நேர்ந்தால் ஒரு தொட்டி நெல் கெடும். பொதுநீர் வேலைகளில் நேர்ந்தால் ஊரே துன்புறும். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி என்னுமிடத்தில் 2000ஆம் ஆண்டில் இது நடந்தது. கழிவுநீர்ப் பம்பிகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பூட்டிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்னர் வேலை செய்த ஒருவர், அதே மென்பொருள் உள்ள மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் வைத்துக்கொண்டு பம்பிகளுக்குப் பொய்க் கட்டளைகள் இட்டார். சுமார் 8 இலட்சம் லீற்றர் கழிவுநீர் ஓடைகளிலும் பூங்காக்களிலும் பரவியது. யந்திரம் பழுதடையவில்லை, யார் பேசினாலும் கீழ்ப்படிந்தது. மொட்பஸ் மொழிக்கும் இதே இயல்புண்டு. கடவுச்சொல் கேட்பது அதன் இலக்கணத்தில் இல்லை.

2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் சேதிக்காரனையே மாற்றிவிட்டது. சீமென்ஸ் பெட்டிகளோடு கணினி பேசுவதற்கு இடையிலிருந்த கோப்பு ஒன்றை அகற்றி, அவ்விடத்தில் தன் கோப்பை வைத்தது. பெட்டியினுள் நிரல் மாற்றப்பட்ட பின்னரும், பொறியியலாளர் திறந்து பார்த்தால் மாற்றம் கண்ணிற் படாது. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் 2019இல் ஒரு கணினியில் தீநிரல் காணப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் அதனை ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு இணைந்த நிருவாக அலுவலகக் கணினி என்றும், உலையை ஆளும் வலையமைப்பு அதனின்றும் பிரித்து வைக்கப்பட்டது என்றும் கழகம் கூறியது. கணக்குப் பார்க்கும் கணினியையும் ஆலையோடு பேசும் கணினியையும் வேறாக வைப்பது அணு உலைக்கு மட்டும் உரிய ஆடம்பரம் அன்று. இரண்டாவது கணினியின் விலை ஒரு தொட்டி நெல்லின் விலைக்கு மேற்படாது.

நற்பிட்டிமுனை ஆலைக்காரருக்கு வெளிநாட்டுச் சதியைக் காட்டிலும் அருகிலுள்ள இடர் வேறு. கருவியைப் பூட்டிய ஒப்பந்தக்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். எந்த எண்ணறையில் எது உள்ளது என்னும் அட்டவணை அவருடைய மடிக்கணினியில் இருக்கிறது. பெட்டியின் நிரலும் கடவுச்சொல்லும் அவ்வாறே. மூன்று ஆண்டு கழிந்து, பெரும்போக அறுவடை நெல் முற்றத்தில் குவிந்திருக்கும் வேளையில், ஆலைக் கணினி பழுதாகிறது. புதுக் கணினியை அன்றைக்கே கல்முனையில் வாங்கலாம். அட்டவணையை வாங்க முடியாது. பெட்டி உயிரோடு இருக்கிறது, நெல்லை ஊறவைக்கிறது. ஆனால் உடையவரோடு பேச மறுக்கிறது. முல்லைக்காரரின் மொழி தெரிந்த ஒரே ஆள் ஊரை விட்டுப் போய்விட்டான்.

ஆகலின், கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. நிரலின் பிரதி, கடவுச்சொல், எண்ணறை அட்டவணை ஆகியவற்றை வாங்கி, அட்டவணையைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அது எந்தத் தொட்டி, எந்த அலகு, பத்தால் வகுக்க வேண்டுமா என்பதைத் தமிழில் எழுதிக் கணினிக்கு வெளியே பூட்டிவைக்க வேண்டும். பிறகு தொட்டியில் ஒரு சாதாரண வெப்பமானியைத் தோய்த்து, அது காட்டுவதையும் திரை காட்டுவதையும் ஒப்பிட வேண்டும். இறுதியாக, ஒப்பந்தக்காரர் பார்த்திருக்கவே பெட்டிக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு தேநீர் அருந்தும் நேரம் திரையைக் கவனித்திருக்க வேண்டும். எண் நிறம் மாறாமல், எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் அப்படியே நிற்குமானால், பணத்தைக் கொடாமல் நிறுத்திவைக்கலாம்.