பெருந்தொற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலமும்

10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. 2020 மார்ச் 11 அன்று இவ்வமைப்பு கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. முதியோரை வாட்டிய அளவுக்கு இந்நோய் இப்பருவத்தினரின் உடலைத் தாக்கவில்லை. ஆனால், நோய்ப்பரவலைத் தடுக்கக் கொண்டுவரப்பட்ட பொதுமுடக்கமும் பள்ளி மூடலும் அவர்களின் மனநலத்தைப் பாதித்தன.

காரணங்கள்

பெற்றோரைச் சார்ந்திருந்த பிள்ளைகள் நண்பர்களை நாடத் தொடங்கும் பருவம் இது. தம்மைப் பற்றிய மதிப்பீட்டையும் பழகும் முறைகளையும் அவர்கள் பெரும்பாலும் நண்பர்களிடையே பெறுகின்றனர். பள்ளி மூடப்பட்டபோது பாடத்தோடு இவ்வுறவும் தடைபட்டது. உறங்கும் நேரம் மாறியது, விளையாட்டு குறைந்தது, கைபேசியில் கழியும் நேரம் கூடியது. பல குடும்பங்களில் வருமான இழப்பும் உறவினரின் மரணமும் சேர்ந்துகொண்டன.

ஆய்வு முடிவுகள்

பல நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு 2021 ஆகத்தில் வெளியானது. ஏறத்தாழ 81,000 சிறுவர், வளரிளம் பருவத்தினரை உள்ளடக்கிய அத்தொகுப்பில், நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் ஐவரில் ஒருவரிடம் மனப்பதற்ற அறிகுறிகளும் குறிப்பிடத்தக்க அளவில் காணப்பட்டன. இவை பெருந்தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகும். பெண் பிள்ளைகளிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. பெருந்தொற்று நீடித்தபோது, பிந்தைய மாதங்களில் நடந்த ஆய்வுகளில் இவ்விகிதம் உயர்ந்தே காணப்பட்டது.

பாதிப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. பள்ளியில் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளான சிலருக்கு வீட்டிலிருந்தது நிம்மதியளித்தது. அவர்களுக்குப் பள்ளிக்குத் திரும்புவதே அச்சமூட்டியது.

தமிழ்நாட்டில்

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் 2021 சனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்புகளுக்கு மட்டும் திறக்கப்பட்டன. இரண்டாம் அலையால் மீண்டும் மூடப்பட்டு, செப்டம்பர் 1 முதல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் தொடங்கின. இடையில் 2020-இல் 10-ஆம் வகுப்புக்கும் 2021-இல் 12-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வுகள் இரத்தாயின. தேர்வு நடக்குமா, மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும் என்ற நிச்சயமின்மை மாணவர்களை அலைக்கழித்தது. திறன்பேசி இல்லாத வீடுகளில் படிப்பில் பின்தங்கும் கவலையும் இருந்தது.

அறிகுறிகளும் உதவியும்

தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் சோகம், எரிச்சல், தூக்கமின்மை, விருப்பமானவற்றில் நாட்டமின்மை ஆகியவை நீடித்தால் அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எழுந்தால் உடனே உதவி நாட வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று டெலி-மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலும் பேசலாம். சிறுவர் உதவி எண் 1098 ஆகும்.