கல்லாவில் மணி ஒலிக்க வைத்த ஊர்

இரவு கடை கட்டும் நேரம். கல்லாவில் இருக்கும் நோட்டுகளை அடுக்கி, சில்லறையை எண்ணிப் பார்க்கிறோம். சிட்டையோடு ஒத்துப் பார்த்தால் ஐம்பதோ நூறோ குறைகிறது. மீதி கொடுக்கும்போது கூடுதலாகக் கொடுத்துவிட்டோமா? எழுதும்போது விட்டுப் போயிற்றா? அல்லது கடைப் பையன் கை வைத்துவிட்டானா? கடை நடத்தும் யாருக்கும் இந்தக் கவலை புதிதல்ல. இதே கவலையில் பிறந்த ஒரு இயந்திரம் ஒரு பெரிய தொழில் நகரத்தையே வளர்த்தது. பின்பு அதே இயந்திரம் மாறியபோது அந்த நகரம் சாய்ந்தது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரின் வரலாறுதான் அது. நம்மைப் போன்ற கடைக்காரர்களில் தொடங்கிக் கடைக்காரர்களிலேயே வந்து முடிகிற வரலாறு என்பதால், வணிகப் பெருமக்கள் பார்வைக்கு இதை வைக்கிறோம்.

விலைபோகாத காசாளர்

டேட்டனில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை வைத்திருந்தார். வியாபாரம் நன்றாக நடந்தும் லாபம் கையில் தங்கவில்லை. விற்ற காசைப் பணியாட்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். 1878-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, கப்பலின் சுழல்விசிறி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார். சுற்றை எண்ண முடியுமானால் விற்பனையையும் எண்ணலாமே என்று தோன்றியது. ஊர் திரும்பித் தம் சகோதரருடன் சேர்ந்து ஒரு இயந்திரம் செய்தார். 1879 நவம்பர் 4-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'விலைபோகாத காசாளர்' என்ற பொருளுடையது.

ரிட்டியால் அந்தத் தொழிலை வளர்க்க முடியவில்லை, விற்றுவிட்டார். வேறு சிலர் கைமாறி வந்த அதை 1884-இல் ஜான் பேட்டர்சன் வாங்கினார். இவரும் கடைக்காரர்தான். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றை நடத்தி, விற்பனை நிறைய இருந்தும் நஷ்டப்பட்டவர். ரிட்டியின் இயந்திரத்தை வாங்கி வைத்த பிறகே கடை நிமிர்ந்தது. அந்த அனுபவத்தை நம்பி, கம்பெனியையே வாங்கி நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்று பெயரிட்டார். என்.சி.ஆர். என்று உலகம் அறிந்த நிறுவனம் இதுவே.

விசையை அழுத்தினால் தொகை மேலே தெரியும். மணி ஒலிக்கும். இழுப்பறை திறக்கும். உள்ளே காகிதச் சுருளில் கணக்குப் பதியும். மணி ஓசை கேட்டாலே, உள்ளறையில் இருக்கும் முதலாளிக்கு ஒரு விற்பனை நடந்தது தெரிந்துவிடும். எளிய யோசனைதான். 1911-க்குள் பத்து லட்சம் இயந்திரங்கள் விற்றிருந்தன.

கண்ணாடிச் சுவர் ஆலை

இயந்திரம் விற்கத் தெரிந்த பேட்டர்சனுக்கு, அதைச் செய்பவர்களைப் பற்றித் தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. 1894-இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய சுமார் 50,000 டாலர் மதிப்புள்ள இயந்திரங்கள் பழுதென்று திரும்பி வந்தன. தொழிலாளர்களே உள்ளே அமிலத்தை ஊற்றியிருந்தார்கள். பேட்டர்சன் தம் மேசையைத் தூக்கிக்கொண்டு போய் ஆலையின் நடுவே போட்டு உட்கார்ந்தார். இருட்டு, அழுக்கு, ஆபத்தான இயந்திரங்கள், குறைந்த கூலி ஆகியவற்றைக் கண்ணால் கண்டார்.

அதன் பிறகு ஆலையின் முகமே மாறியது. சுவர் நிறையக் கண்ணாடி வைத்து வெளிச்சம் உள்ளே வரும்படி கட்டடங்கள் எழுந்தன. பெண் தொழிலாளர்களுக்குச் சூடான உணவு, மருத்துவ வசதி, குளியலறைகள், இரவு வகுப்புகள் வந்தன. நல்ல யோசனை எழுதித் தருபவர்களுக்குப் பரிசும் தரப்பட்டது. இதெல்லாம் தர்மமா என்று கேட்டவர்களுக்கு, இது லாபம் தரும் என்பதே அவர் பதில்.

ஆனால் எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1901-இல் தொழிற்சங்கத்தோடு பிணக்கு ஏற்பட்டு ஆலைக் கதவுகள் மூடப்பட்டன. போட்டியாளர்களை ஒழிக்க நிறுவனம் கையாண்ட வழிகளும் நேர்மையானவை அல்ல. பழைய இயந்திரங்களை வாங்கி விற்ற சிறு வியாபாரிகளை நசுக்குவதற்காக, தன் பெயரே வெளியில் தெரியாமல் அவர்கள் கடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டு விலையைக் குறைத்தது. அந்த வேலையைச் செய்த தாமஸ் வாட்சன்தான் பின்னாளில் ஐ.பி.எம். நிறுவனத்தை வளர்த்தவர். 1913 பிப்ரவரியில் பேட்டர்சன், வாட்சன் உள்ளிட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 1915-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது.

தீர்ப்பு வந்த மறுமாதமே மியாமி ஆற்றில் பெருவெள்ளம். அந்த ஆற்றுப் படுகையில் 360-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேட்டில் இருந்த ஆலை வெள்ளத்துக்குத் தப்பியது. கல்லா இயந்திரம் செய்த தச்சர்கள் அன்று படகு செய்தார்கள். ஏறக்குறைய 300 தட்டைப் படகுகள் ஆலையிலிருந்து புறப்பட்டு, கூரைமேல் நின்றவர்களை மீட்டு வந்தன. வீடிழந்தவர்கள் ஆலைக்குள்ளேயே தங்கி உண்டார்கள். வெள்ளம் வடிந்ததும் ஊர் மக்களே 20 லட்சம் டாலருக்கு மேல் நிதி சேர்த்தார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1922-க்குள் 5 அணைகள் கட்டி முடிக்கப்பட்டன.

ஒரு கல்லாவிலிருந்து பல தொழில்கள்

ஒரு நல்ல ஆலை ஊருக்குள் இருந்தால் அதைச் சுற்றிக் கைத்திறன் வளரும். டேட்டனில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1903-இல் விமானம் பறக்கவிட்டது உலகறிந்த செய்தி. என்.சி.ஆர். ஆலையில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தினார். கல்லா மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. கணநேரம் பலமாக இழுத்தால் போதும். அதே நுணுக்கத்தை வைத்து, கைப்பிடி சுற்றாமல் மோட்டார் காரைக் கிளப்பும் ஸ்டார்ட்டரை 1911-இல் உருவாக்கினார். அவர் தொடங்கிய டெல்கோ நிறுவனம் பின்பு ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் குளிர்பெட்டி ஆலையும் டேட்டனுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் என்.சி.ஆர். கட்டடம் ஒன்றில் கடற்படைக்கு இரகசிய வேலை நடந்தது. ஜோசப் டெஷ் என்ற பொறியாளர் தலைமையில், ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அனுப்பிய மறைமொழிச் செய்திகளை உடைக்கும் இயந்திரங்கள் 120-க்கு மேல் செய்யப்பட்டன. சுமார் 600 கடற்படைப் பெண்கள் அங்கே கம்பிகளைப் பற்றவைத்தார்கள். தாங்கள் என்ன செய்கிறோம் என்பது அவர்களுக்கே சொல்லப்படவில்லை.

போருக்குப் பின் வந்த ஆண்டுகள் டேட்டனின் பொற்காலம். 1960-இல் மக்கள்தொகை 2,62,332. தகப்பன் வேலை செய்த ஆலையில் மகனும் சேர்ந்தான். கூலி வாங்கியவர்கள் வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள். தெருவுக்குத் தெரு மளிகைக் கடைகளும் அந்தக் கூலியில்தான் நடந்தன.

இயந்திரம் மாறியது

பழைய கல்லா இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான சிறு பாகங்கள் உண்டு. பல் சக்கரம், நெம்புகோல், வில், திருகு என ஒவ்வொன்றையும் வார்க்கவும் கடையவும் தேய்க்கவும் பொருத்தவும் ஆள் வேண்டும். அதனால்தான் 1960-களின் இறுதியில் டேட்டன் என்.சி.ஆரில் மட்டும் சுமார் 20,000 பேர் வேலை பார்த்தார்கள். மின்னணு இயந்திரம் வந்தபோது இந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றின் வேலையைச் சில சிறு தகடுகள் செய்தன. பல் சக்கரம் கடையத் தெரிந்தவரின் நாற்பது ஆண்டுக் கைத்திறனுக்கு ஒரே நாளில் மதிப்பில்லாமல் போயிற்று.

நிறுவனம் தாமதமாகவே விழித்துக்கொண்டது. 1971-இல் நீண்ட வேலைநிறுத்தம். 1972-இல் பெரும் நஷ்டம். புதிய தலைவர் வில்லியம் ஆண்டர்சன் நிறுவனத்தை மின்னணுப் பாதைக்குத் திருப்பி நிமிர்த்தினார். ஆனால் புதிய இயந்திரங்கள் வேறு ஊர்களில் செய்யப்பட்டன. 1970-களின் நடுவிற்குள் டேட்டன் ஆலைத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வெளிச்சத்துக்குப் பெயர்பெற்ற அந்தக் கண்ணாடிக் கட்டடங்களும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டன.

அதே காலத்தில் நடந்த ஒன்றை வணிகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். டேட்டனுக்குச் சற்று வடக்கே ட்ராய் என்ற சிற்றூர். 1974 ஜூன் 26-ஆம் தேதி அங்கே மார்ஷ் என்ற பலசரக்கு அங்காடியில் ஒரு சூயிங்கம் கட்டு, 67 சென்ட் விலையுள்ளது, கல்லா மேசையின்மேல் இழுக்கப்பட்டது. அதன்மேல் இருந்த கோடுகளை என்.சி.ஆர். இயந்திரம் படித்துத் தானே விலை போட்டது. இன்று நாம் விற்கும் பிஸ்கட் பொட்டலத்திலும் சோப்பிலும் இருக்கும் பார்கோடு, கடைக் கல்லாவில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது அன்றுதான். உலகமெங்கும் கடைகளுக்கு வேகம் தந்த அந்தக் கண்டுபிடிப்பு அரங்கேறியபோது, பத்து மைல், இருபது மைல் தூரத்தில் பழைய கல்லா செய்தவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

மீதியிருந்த ஆலைகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஜெனரல் மோட்டார்ஸ் 1979-இல் ஃப்ரிஜிடேரை விற்றது. அருகே மொரெய்னில் இருந்த குளிர்பெட்டி ஆலை மோட்டார் வண்டி ஆலையாக மாறியது. அதுவும் 2008 டிசம்பர் 23-இல், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூடப்பட்டது. 2009-இல் என்.சி.ஆர். தன் தலைமை அலுவலகத்தையே ஜார்ஜியா மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது. நூற்றிருபத்தைந்து ஆண்டு உறவு அத்தோடு அறுந்தது.

மூடிய மொரெய்ன் ஆலையைச் சீனாவின் ஃபுயாவோ நிறுவனம் 2014-இல் வாங்கி, கார்க் கண்ணாடி செய்யத் தொடங்கியது. வேலை திரும்பி வந்தது, கூலி திரும்பவில்லை. முன்பு அதே கூரையின்கீழ் மணிக்கு 29 டாலர் வாங்கிய ஒரு தொழிலாளி, கண்ணாடி ஆலையில் 12 டாலர் 84 சென்டுக்கு வேலை செய்ததை, 2020-இல் ஆஸ்கர் விருது பெற்ற 'அமெரிக்கன் ஃபேக்டரி' என்ற ஆவணப்படத்தில் காணலாம். 2017-இல் அங்கே தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது, வேண்டாம் என்றவர்களே கூடுதல்.

கடைகள் எங்கே போயின?

2020 கணக்கெடுப்பில் டேட்டனின் மக்கள்தொகை 1,37,644. ஏறக்குறைய பாதி ஊர் காலியாகிவிட்டது. ஆலையை நம்பிக் கடை வைத்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கும் கை குறைந்தால் விற்கும் கை தளரும். நகரின் மேற்குப் பகுதியில் பெரிய அங்காடிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. நல்ல காய்கறியும் பழமும் வாங்கப் பேருந்து பிடித்துப் போக வேண்டிய நிலை வந்தது. உலகத்து மளிகைக் கடைகளுக்கெல்லாம் கல்லா செய்து கொடுத்த ஊரில், பல தெருக்களுக்கு மளிகைக் கடையே இல்லாமல் போயிற்று.

அந்த மக்கள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. ஆளுக்கொரு பங்கு என்று ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டு, ஜெம் சிட்டி மார்க்கெட் என்ற கூட்டுறவு மளிகை அங்காடியை 2021-இல் சேலம் அவென்யூவில் திறந்தார்கள். வெள்ளத்துக்குப் பின் அணை கட்ட நிதி சேர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், இம்முறை ஒரு கடை வைப்பதற்காக நிதி சேர்த்தார்கள்.

இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கணினி பில் போடுகிறோம். கைப்பேசியில் பணம் வாங்குகிறோம். காலத்தோடு போகாதவன் கடை நிலைக்காது. ஆனால் கல்லாவைச் சரியாக எண்ணிக் காட்டும் இயந்திரத்தால் கல்லாவை நிரப்ப முடியாது. அதை நிரப்புவது, ஊருக்குள் கூலி வாங்கும் மனிதர் சனிக்கிழமை மாலை நம் கடைக்குக் கொண்டுவரும் பணம். பக்கத்து ஆலையில் சங்கு ஊதுகிறதா, பட்டறையில் வேலை நடக்கிறதா, ஆட்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதெல்லாம் நம் வரவு செலவில் சேர்ந்த கணக்குகளே. கடை கட்டும்போது கல்லாவை எண்ணும் நாம், அந்தக் கணக்கையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.