குதிரையும் மனிதரும் – 9: லாயத்தில் நால்வர்

1936 ஆகஸ்டில் சார்லஸ் ஹோவர்ட் 8,000 டாலர் கொடுத்து சீபிஸ்கட் என்ற பந்தயக் குதிரையை வாங்கினார். அதற்கு அப்போது வயது மூன்று. இரண்டு வயதில் மட்டும் 35 பந்தயங்கள் ஓடியிருந்தது. தீனியில் நாட்டமில்லை. சேணத்தைக் கண்டாலே வியர்த்துக் கொட்டியது. லாயத்துக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி நடந்தது.

அதுவரை அதைப் பழக்கியவர் சாதாரண ஆள் அல்ல. அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் 1930இல் கேலன்ட் ஃபாக்ஸையும், 1935இல் அதன் மகன் ஒமாஹாவையும் வெல்ல வைத்த ஜிம் ஃபிட்ஸ்சிம்மன்ஸ். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பெரிய குதிரைகள் நிறைந்த லாயத்தில், சோம்பேறி என்று பெயரெடுத்த குட்டைக் குதிரைக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

ஹோவர்டின் பயிற்சியாளர் டாம் ஸ்மித்திடம் நேரம் இருந்தது. அதிகம் பேசமாட்டார். மணிக்கணக்கில் குதிரையையே பார்த்துக்கொண்டிருப்பார். களத்தில் அது கட்டுக்கடங்காமல் பாய்ந்தபோது, கடிவாளத்தை இழுக்காதே, ஓடவிடு என்றார். களைக்கும்வரை ஓடியது, இழுப்பார் இல்லாததால் எதிர்க்கவும் எதுவுமில்லை. காலையில் வெகுநேரம் தூங்கும் குதிரை அது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவருடைய நிதானம் குதிரைக்கு எப்படி எட்டியது? 2009இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குதிரையோடு ஒரே பாதையில் பலமுறை போய்வரச் சொல்லி, கடைசி நடையில் மட்டும் குதிரை மிரளும்படி ஒரு குடை விரியும் என்று மனிதர்களிடம் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அந்த நடையில் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. கயிற்றைப் பிடித்திருப்பவரின் பயத்தை மறைக்க இடமே இல்லை. குதிரை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கைத்திறனுக்கு முன்னால் சுபாவத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மனிதர் மட்டும் போதாது என்பதும் ஸ்மித்துக்குத் தெரியும். குதிரை மந்தையில் வாழப் பிறந்தது. முதலில் ஒரு ஆட்டைத் துணைக்கு விட்டார். சீபிஸ்கட் அதைப் பல்லால் கவ்வி, உலுக்கி, கதவுக்கு வெளியே போட்டது. அடுத்து வந்தது பம்ப்கின் என்ற மஞ்சள் நிறக் குதிரை. எதற்கும் அலட்டிக்கொள்ளாத பிறவி. இரண்டு கொட்டடிகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக வைத்தார்கள். பிறகு பொகாட்டெல் என்ற தெருநாய், ஜோஜோ என்ற குரங்கு. நால்வரும் ஒரே இடத்தில் தூங்கினார்கள். சீபிஸ்கட் தின்னத் தொடங்கியது. சுற்றி நடப்பது நின்றது.

அதன் ஜாக்கி ரெட் போலார்ட் ஒரு கண் பார்வை இழந்தவர். அதை வெளியில் சொல்லாமல் ஓட்டியவர். சாட்டைக்குப் பதில் பொறுமையால் அந்தக் குதிரையைப் படித்தார். 1938இல் வார் அட்மிரல் என்ற குதிரையுடன் நேருக்கு நேர் பந்தயம் முடிவானபோது அவர் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். தனக்குப் பதிலாக ஏறவிருந்த நண்பர் ஜார்ஜ் உல்ஃபுக்கு அவர் சொன்ன யோசனை மற்றவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும்: முன்னால் போனதும் வேகத்தைக் குறைத்து எதிராளியைப் பக்கத்தில் வரவிடு, தன்னோடு ஒரு குதிரை ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் இவன் இன்னும் வேகமெடுப்பான்.

நவம்பர் 1, பிம்லிகோ பந்தயக் களம். உல்ஃப் அப்படியே செய்தார். வார் அட்மிரல் பக்கத்தில் வந்தது, சற்றுநேரம் கூடவே ஓடியது. சீபிஸ்கட் நான்கு குதிரை நீளம் முந்தி வென்றது.